திறந்தால் கெடும்

அத்தியாயம் 4

அன்று காலை எங்கள் வீட்டில் கிச்சடி வெளுத்திருந்தது. கல்லாவி மில்லில் அரைத்து வந்த மஞ்சள் தூள் டப்பா மூன்று வாரமாகக் காலியாகக் கிடக்கிறது, ஃப்ரிட்ஜில் ஒரு கிண்ணம் வைக்க இடமில்லை, வேலைக்காரி சொல்லாமல் நின்றுவிட்டாள் என்று என் மனைவி எவாஞ்சலின் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். தம்பி மகள் திருடி என்று பெயர் வாங்கி நிற்கும் நாளில் அடுக்களைப் பிராது கேட்க எனக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

பத்தே காலுக்கு ஓசூரில் அந்த ரசாயனத் தொழிற்சாலையின் வாசலில் இருந்தேன். பார்வையாளர் பதிவேட்டில் கட்டம் கட்டியிருந்தார்கள். பெயர்: இன்னாசிமுத்து. ஊர்: மத்திகிரி. பார்க்க வந்தது: ஜெயசெல்வி. உறவு: தம்பி மகள். கடைசிக் கட்டத்தைக் கொஞ்சம் பெரிய எழுத்திலேயே எழுதினேன்.

காவலாளி எழுத்தைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"நல்லா பாத்துக்கோப்பா," என்றான் என் பின்னால் நின்ற திம்மராயன். "போட்டோ வேணும்னா போவும்போது எடுத்துக்கலாம். சார் சிரிக்க மாட்டாரு, அது ஒண்ணுதான் குறை."

திம்மராயன் முன்பு லாரி ஓட்டியவன். நான் ஜூஜூவாடி சோதனைச் சாவடியில் வணிகவரி அதிகாரியாக இருந்த காலத்தில், தக்காளி என்று சீட்டு வைத்துக்கொண்டு வேறு சரக்கு ஏற்றி வந்தவனை மூன்று தடவை பிடித்திருக்கிறேன். நான் ஓய்வு பெற்றதும் என் காரை ஓட்ட அவனாகவே வந்து சேர்ந்தான். பொய்யைப் பிடிப்பதில் எனக்கு முப்பது வருட அனுபவம். பொய் சொல்வதில் அவனுக்கு அதைவிட இரண்டு வருடம் கூடுதல்.

மேலாளர் பிரகாஷின் அறையில் சுவர் முழுக்கச் சான்றிதழ்கள். மேசைக்கு அந்தப் பக்கம் அவர். பக்கத்தில் ஆராய்ச்சித் தலைவர் டாக்டர் வெஸ்லின். இந்தப் பக்கம், நாற்காலி கொடுக்கப்படாமல், ஜெயசெல்வி. தர ஆய்வுப் பிரிவில் ஐந்து வருடம் வேலை பார்த்த பெண்ணை நிற்க வைத்துப் பேசுவது அந்த நிறுவனத்தின் தரம்.

"உக்காரும்மா," என்றேன். அவள் உட்கார்ந்த பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

"பெரியப்பா, நான் எடுக்கல."

"நான் கேக்கவே இல்லையே."

டாக்டர் வெஸ்லின் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, காணாமல் போன பொருள் என்ன என்று எங்களுக்கு விளக்கினார். அது பல்லேடியம் என்ற விலையுயர்ந்த உலோகத்தின் அணைவுச் சேர்மம். நடுவில் ஒரு பல்லேடியம் அணு, சுற்றிலும் அதைப் பிடித்துக்கொண்டு நான்கு பாஸ்ஃபீன் மூலக்கூறுகள். எலுமிச்சை நிறத்தில் படிகமாக இருக்கும். மருந்து தயாரிக்கும்போது இரண்டு கரிம மூலக்கூறுகள் தாமாக ஒன்று சேராது. இது நடுவில் புகுந்து இரண்டையும் பிடித்து இணைத்துவிட்டுத் தான் விலகிக்கொள்ளும். அதனால் அதற்கு வினையூக்கி என்று பெயர்.

"கல்யாண புரோக்கர்," என்றான் திம்மராயன்.

"ஒரு விதத்தில் அப்படித்தான்."

"கமிஷன்?"

"எதுவும் எடுத்துக்கொள்ளாது. அடுத்த ஜோடிக்குப் போய்விடும்."

"அப்ப புரோக்கர் இல்லைங்க. எங்கியோ இடிக்குது."

காற்றுப் பட்டால் அந்தப் பொருள் கெட்டுவிடும். அதனால் பழுப்புக் கண்ணாடிப் புட்டியில், நைட்ரஜன் நிரப்பி, குளிரில் வைத்து விமானத்தில் வரும். புட்டியின் மேல் 'திறந்தால் கெடும்' என்று ஒட்டியிருக்கும். ஆகவே வரும்போதும் யாரும் திறந்து பார்ப்பதில்லை, வைக்கும்போதும் பார்ப்பதில்லை. எடை போட்டுக் கையெழுத்து வாங்கிக் குளிர் அறையில் பூட்டிவிடுவார்கள். யாரும் திறந்து பார்க்கக் கூடாது என்று எழுதி ஒட்டி வைத்தால் திருடனுக்கு வேறென்ன வேண்டும்? படித்தவர்கள் ஏற்படுத்திய முறை.

மூன்று வாரத்துக்கு முன் வந்த புட்டியை இந்தத் திங்கட்கிழமைதான் திறந்தார்கள். நைட்ரஜன் பெட்டி இருக்கும் அறைக்குள் ஒருவர்தான் போகலாம் என்பது விதி. போனவள் ஜெயசெல்வி. கால் கிலோவும் ரியாக்டருக்குள் போனது. அடுத்து சலவைச் சோடா போன்ற கார உப்பு போனது. உடனே தொட்டி முழுக்க ரத்தச் சிவப்பு. மருந்து உருவாகவில்லை. சோதித்துப் பார்த்தால் அதில் பல்லேடியம் துளிகூட இல்லை.

"புட்டியை மாற்றியிருக்கிறார்கள். சாயப் பொருள் ஏதோ போட்டிருக்கிறார்கள்," என்றார் வெஸ்லின். "ரசாயனம் தெரிந்த ஆளின் வேலை. அறையில் இருந்தது இவர் மட்டும்தான்."

"கலர் கொஞ்சம் அழுத்தமா இருக்குன்னு நான் நோட்டில எழுதி வெச்சேன் பெரியப்பா. டாக்டர்தான் பழைய சரக்கா இருக்கும், போடுன்னார்."

டாக்டர் சான்றிதழ்களைப் பார்க்கத் தொடங்கினார்.

பிரகாஷ் தட்டச்சு செய்த ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். காவல் நிலையத்துக்குப் போகவேண்டிய புகார். "நாலு மணி வரைக்கும் டைம் குடுத்திருக்கோம் சார். ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டா இது வேண்டியதில்ல. இல்லேன்னா இது போயிடும்."

குற்றம் சாட்டப்படுபவர்: ஜெயசெல்வி. தந்தை பெயர்: அந்தோணிசாமி.

என் தம்பி இறந்து ஒன்பது வருடமாகிறது. அரசுப் பேருந்தில் பயணி விட்டுப்போன நகைப்பையை இரண்டு நாள் அலைந்து உரியவரிடம் சேர்த்த நடத்துநர் அவன். அவன் பெயரை இந்த மனிதர்கள் திருட்டுப் புகாரில் தட்டச்சு செய்திருந்தார்கள். எழுத்துப்பிழை இல்லாமல் செய்திருந்தார்கள், அதுவரை சரி.

"நாலு மணிக்கு வரேன்," என்றேன்.

வெளியே நடைவழியில் என் மகன் ஜோஸ்வின் நின்றிருந்தான். அவனுக்கும் அங்கேதான் வேலை. போக்குவரத்துப் பிரிவில் அதிகாரி. முகம் கறுத்திருந்தது.

"அப்பா, கிளறாதீங்க. அவ எழுதிக் குடுத்துட்டா வெளிய தெரியாது. நம்ம குடும்ப மானம் போயிடும்."

"எழுதிக் குடுத்தாதான்டா போகும்," என்றேன். நம் ரத்தத்தில் இப்படி ஒரு கோழையா என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

ரியாக்டர் இருந்த கொட்டகையில் ஒரு பெண் பீப்பாய் கழுவிக்கொண்டிருந்தாள். ருக்மணி, ஒப்பந்தத் தொழிலாளி. திங்கட்கிழமை அந்தச் சிவப்புத் தண்ணீரை வடித்துத் தொட்டியைக் கழுவியது அவள்தான். இந்தத் திருட்டைப் பற்றி நாற்பது பக்கத்தில் படக்காட்சி தயாரித்திருந்த நிறுவனம் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்டிருக்கவில்லை.

"எப்படிம்மா இருந்துச்சு அந்தத் தண்ணி?"

"ஆலங்கரைச்ச தண்ணி மாதிரி இருந்துச்சுங்க ஐயா. பொண்ணு மாப்பிள்ளைக்குச் சுத்துவாங்களே, அதே கலரு. ஆரு கல்யாணத்துக்கு இத்தினி கரைச்சாங்கன்னு எங்குளுக்குள்ள சிரிச்சுக்கினோம்."

"குங்குமத் தண்ணி மாதிரி."

அவள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "குங்குமமா? ஆரத்தியில குங்குமமா போடுவாங்க? உங்கூட்டுல ஆலம் கரைச்சதில்லீங்களா?"

"எங்க வீட்டுக் கல்யாணத்துலயும் உண்டு. பெண்கள் கரைப்பார்கள்."

"நீங்க நின்னு வாங்கிக்குவீங்க. அதான் தெரியில." அவள் சிரிப்பை மறைக்கவும் இல்லை. "மஞ்சத்தூளும் சுண்ணாம்புங்க ஐயா. மஞ்சத்தண்ணில சுண்ணாம்பு பட்டா செவந்துரும். இது எங்கூட்டு நாலாங்கிளாஸ் புள்ளைக்கே தெரியும்."

எனக்கு எழுபத்தொரு வயது. எத்தனையோ வாசல்களில் ஆரத்திக்கு நெஞ்சை நிமிர்த்தி நின்றிருக்கிறேன். அந்தத் தட்டில் இருப்பது என்ன என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"தொட்டியைத் துடைத்த துணி இருக்கா?"

அவள் பையிலிருந்து எடுத்துத் தந்தாள். சோப்புப் போட்டும் போகாத செம்பழுப்புக் கறை. நான் திம்மராயனைப் பார்த்தேன்.

"வண்டி முன்னாடி கட்டியிருக்கியே, அந்த எலுமிச்சம்பழம்."

"சார், அது திருஷ்டிக்குக் கட்டினது."

"நம் குடும்பத்துக்கும் திருஷ்டிதான்டா. எடுத்துக்கொண்டு வா."

அரைப் பழத்தைக் கறையின் மேல் பிழிந்தான். சாறு பட்ட இடமெல்லாம் சிவப்பு விலகிப் பளிச்சென்று மஞ்சள் பூத்தது.

"அய்ய, சாம்பார்," என்றான் திம்மராயன். "கோடிக்கணக்குல கம்பெனி நடத்தறாங்க. சாம்பார் பொடியப் போட்டு மருந்து காய்ச்சியிருக்காங்க."

பிரகாஷின் அறைக்குத் திரும்பி, துணியை அப்படியே வெஸ்லினின் முன்னால் மேசையில் விரித்தேன்.

"டாக்டர், கார உப்பு போட்டால் மஞ்சள் தூள் என்ன நிறமாகும்?"

அவருக்கு நொடியில் விளங்கிவிட்டது. காதுவரை சிவந்தார். அதற்குச் சுண்ணாம்பு தேவைப்படவில்லை.

"அடுத்த கட்டத்தில் கார உப்பு போடப் போகிறோம் என்று ஜெயசெல்விக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். செய்முறையை எழுதியதே அவர்தான்."

"அப்ப, போட்ட மறு நிமிஷம் ஊருக்கே காட்டிக்கொடுக்கிற பொருளையா அவள் தேடிப் பிடித்துப் போடுவாள்? மாற்றியவனுக்கு நிறம் மட்டும்தான் தெரியும். ரசாயனம் தெரியாது. நீங்கள் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள்."

வெஸ்லின் தலையசைத்தார். பிரகாஷ் அசையவில்லை. "சரி சார், அப்ப யாரு? பேர் இல்லாம நான் புகாரை மாத்த முடியாது. டைம் நாலு மணி, அவ்ளோதான்."

ஒருவர் குற்றவாளி இல்லை என்று தெரிந்த பிறகும் தாளில் இடம் காலியாக இருக்கக் கூடாதாம். நிர்வாகம் என்று இதைச் சொல்கிறார்கள்.

நான் வாசலுக்குத் திரும்பினேன். எனக்குத் தெரிந்த ரசாயனம் சீட்டும் நேரமும்தான். மூன்று வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமைப் பக்கத்தைப் புரட்டினேன். புட்டி வந்த வேன் உள்ளே நுழைந்தது பன்னிரண்டு ஐந்துக்கு. கூடவே குத்தியிருந்த அத்திப்பள்ளி சுங்கச்சாவடி ரசீதில் நேரம் பத்து இருபது.

"அத்திப்பள்ளிலருந்து இங்க எவ்வளவு நேரம்?"

"டிராஃபிக்ல மாட்டினா அரை மணி," என்றான் திம்மராயன். "மாடு இழுத்தாகூட ஒரு மணி. மீதி முக்கால் மணிக்கு வண்டி எங்கியோ ரெஸ்ட் எடுத்திருக்குது சார். எனக்குத் தெரியாத ரெஸ்டா?"

பெட்டியின் மேல் டேப் பிரிந்திருந்ததாகவும், பெங்களூர் விமான நிலையச் சுங்கத்தில் பிரித்துப் பார்த்ததாகவும் ஒரு குறிப்பு. பார்த்த அதிகாரியின் முத்திரை இல்லை. சரக்கைப் பிரித்தவன் தன் முத்திரை போட்ட டேப்பை ஒட்டாமல் அனுப்பமாட்டான். அது எங்கள் சாதி வழக்கம், நான் அதிகாரிச் சாதியைச் சொல்கிறேன். ஆக, புட்டி வழியில் திறக்கப்பட்டிருக்கிறது.

ஓட்டுநர் பெயர் எல்லப்பன். அடுத்த வாரமே அவனை வேறு தடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். இப்போது கிருஷ்ணகிரி வண்டி. இந்நேரம் குருபரப்பள்ளியில் சாப்பாட்டுக்கு நிறுத்தியிருப்பான் என்றான் காவலாளி.

குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலை ஓரக் கடையொன்றில் எல்லப்பன் முட்டை போண்டா தின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். நான் அவனை அதற்குமுன் பார்த்ததே இல்லை.

"உக்காருப்பா. மூணு வாரத்துக்கு முன்னாடி, வெள்ளிக்கிழமை, வேனை எங்கே நிறுத்தினாய்?"

அவன் திம்மராயனைப் பார்த்தான், கையிலிருந்த போண்டாவைப் பார்த்தான். "சார், நீங்க தெரியாம கேக்கறீங்களா, தெரிஞ்சுக்கினே கேக்கறீங்களா?"

"தெரியாமல்தான்."

"ஐஸ் பேக் மாத்தணும்னாங்க சார். ஒரு ஊட்டாண்ட நிறுத்தச் சொன்னாங்க."

"எந்த ஊரில்?"

"மத்திகிரில."

திம்மராயன் டீயைக் கீழே வைத்தான்.

"மத்திகிரியில் எந்த வீடு?"

"நீலக் கேட்டுங்க. உள்ளாற சின்னதா, குகை மாதிரி மாதா கெபி ஒண்ணு கட்டிக்கீறாங்க. நான் தண்ணி கேட்டேன், ஹாலுக்குள்ள கூப்டாங்க. சொவத்துல உங்க போட்டோதான் சார் மாலையோட இருந்துச்சு. ரிட்டையர்மெண்டு போட்டோன்னு ஜோஸ்வின் சார் சொன்னாரு. பெட்டியத் தூக்கிக்கினு சமையலறைக்குப் போனாரு. முக்கால் மணி நேரம் நான் போட்டோவையே பாத்துக்கினு உக்காந்திருந்தேன்."

அந்தக் கெபியைக் கட்டியவன் நான். கேட்டுக்கு நீலம் அடிக்கச் சொன்னதும் நான். அந்த வெள்ளிக்கிழமை நானும் எவாஞ்சலினும் மத்தூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தோம். வேலை இருக்கிறது என்று ஜோஸ்வின் வரவில்லை. அங்கே என் மனைவி ஆலம் கரைத்துக்கொண்டிருந்தாள். இங்கே அவளுடைய மஞ்சள் டப்பாவைக் காலி செய்துகொண்டிருந்தார்கள்.

கைபேசியை எடுத்தேன்.

"எவாஞ்சலின், ஃப்ரிட்ஜில் இடமில்லை என்றாயே. என்ன இருக்கிறது?"

"உங்களுக்கு எதுக்கு இப்ப அடுக்களைப் பிராது?" என்றாள். எனக்கு அந்தச் சூடு தேவைதான். பிறகு அவளே சொன்னாள். "ஜோஸ்வினோட டப்பா ஒண்ணு பின்னால அடைச்சிக்கிட்டு நிக்குது. ஜிம்முக்குப் போற பவுடராம். தொறக்காதீங்கம்மா, தொறந்தா கெட்டுடும்னு சொன்னான்."

"திற. கை படாமல் பார்."

மூடி திருகும் ஓசை கேட்டது.

"கெட்டுத்தாங்க போயிருக்குது. மேல பழுப்பா, ஓரமெல்லாம் கரேல்னு. இதையா புள்ள குடிக்கிறான்?"

"இல்லை. மூடி வை. நான் வந்து சொல்கிறேன்."

சூளகிரி தாண்டும்வரை திம்மராயன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவனைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை என்று புரியும்.

"சார்," என்றான் கடைசியில். "வண்டி பஞ்சராவும். நான் நெனச்சா ஆவும். நாலு மணி தாண்டிடும். எல்லப்பன் நம்ம ஆளு, வாயத் தொறக்க மாட்டான்."

"தாண்டினால்?"

"பாப்பா பேரு போயிடும்."

"வேகமா ஓட்டு."

மூன்று ஐம்பதுக்கு வாசலில் மறுபடியும் பதிவேடு. பார்க்க வந்தது: ஜோஸ்வின். உறவு: மகன். அதே அளவு எழுத்தில் எழுதினேன்.

அறையில் எல்லோரும் இருந்தார்கள். பிரகாஷ், வெஸ்லின், ஜெயசெல்வி. ருக்மணியையும் ஜோஸ்வினையும் நான் வரச் சொல்லியிருந்தேன். ருக்மணி கதவருகே ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி நின்றாள்.

"ஜோஸ்வின், ஒரு கேள்வி. ஆரத்தித் தண்ணி ஏன் சிவப்பா இருக்கு?"

அவன் குழம்பினான். "என்னப்பா இது? குங்குமம் கரைப்பாங்க. வேறென்ன?"

ருக்மணி பட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு எல்லாம் அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது.

"எனக்கும் இன்று காலை வரை அப்படித்தான்," என்றேன். "ஆனால் நான் மஞ்சள் தூளைப் புட்டியில் அடைக்கவில்லை. எல்லப்பனைப் பார்த்துவிட்டு வருகிறேன். உன் அம்மா ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டாள்."

அவன் தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பெங்களூரில் ஒருவன் வாங்கிக்கொள்வதாகச் சொன்னானாம். வந்து பார்த்துவிட்டு, நிறம் சரியில்லை, செத்த சரக்கு என்று உதறிவிட்டுப் போய்விட்டானாம்.

"சமையலறைக் காத்துலயா கொட்டினீங்க?" வெஸ்லின் தன்னையறியாமல் கத்தினார். "லேபிள் படிக்கலையா?"

"படித்திருக்கிறான். அம்மாவிடம் அதையே சொல்லியிருக்கிறான்," என்றேன். "தனக்கு அது பொருந்தாது என்று நினைத்துவிட்டான்."

"அப்பா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்ப்பா."

"எந்த வீட்டுக்கு? வேன் நின்றதே, அந்த வீட்டுக்கா? காலையில் குடும்ப மானம் என்று சொன்னாய். உனக்குப் பதிலாக அந்தோணிசாமி மகளை எழுதிக் கொடுக்கச் சொன்னாய். அந்த வார்த்தையை இனி என் காதில் போடாதே."

பிரகாஷ் எழுந்தார். குரல் குழைந்திருந்தது. "சார், நீங்க பெரியவர். உங்க பையன்னு தெரிஞ்ச பிறகு... இதை உள்ளேயே முடிச்சுக்கலாம். புகார் எல்லாம் எதுக்கு?"

"காலையில் அந்தப் பெண்ணுக்கு இந்தத் தயவு இல்லையே. நாற்காலிகூட இல்லை."

தாளை இழுத்தேன். ஜெயசெல்வி என்ற பெயரின் மேல் கோடு போட்டேன். அந்தோணிசாமி என்ற பெயரின் மேல் இரண்டு கோடு போட்டேன், ஓர் எழுத்தும் தெரியாதபடி. மேலே எழுதினேன்: ஜோஸ்வின். அடுத்த கட்டத்தில் தந்தை பெயர்.

"பெரியப்பா, வேணாம்," என்றாள் ஜெயசெல்வி. அழுதுகொண்டிருந்தாள். அவளுக்காக அல்ல.

"நீ போய்க் குளிர் அறைச் சாவியை வாங்கிக்கொள்ளம்மா. கையெழுத்துப் போட்டு வாங்கு."

தந்தை பெயர்: இன்னாசிமுத்து. முப்பது வருடம் ஊரார் சீட்டுகளில் போட்ட அதே கையெழுத்தை அதன் கீழ் சாட்சியாகவும் போட்டேன்.

காரில் ஏறியதும் திம்மராயன் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தான். கண்ணாடிக்கு முன்னால் வெறும் கயிறும் நாலு மிளகாயும் ஆடின.

"வீட்டுக்கா சார்?"

"வழியில் மளிகைக் கடையில் நிறுத்து. கால் கிலோ மஞ்சள் தூள் வாங்கணும்."

"கடைப் பாக்கெட் அம்மாவுக்குப் பிடிக்காதே."

"தெரியும்," என்றேன். "ஆனால் இன்றைக்கு அவளிடம் வெறுங்கையோடு போக முடியாது."